சும்மா உட்கார்ந்திருப்பவரின் வேலை

காட்பாடியில் ஏறிச் சென்னைக்குப் போகும்போதெல்லாம் முடிந்தவரை ஜன்னல் ஓரமாக இடம் பிடித்துவிடுவேன். சோளிங்கர் தாண்டியதும் கண் தானாக வானத்துக்குப் போய்விடும். அரக்கோணம் நெருங்கும்போது, காலை நேரமாக இருந்தால், ஒன்றிரண்டு சேத்தக் ஹெலிகாப்டர்கள் தட்டான்பூச்சி போலத் தாழ்வாக நின்றுகொண்டிருக்கும். ஐ.என்.எஸ். ராஜாளி. கடற்படையின் ஹெலிகாப்டர் பயிற்சிப் பள்ளி அங்கேதான் இருக்கிறது. கடலே இல்லாத ஊரில் கடற்படைத் தளம் எதற்கு என்று கேட்பவர்கள் இன்றைக்கும் உண்டு. இரண்டாம் உலகப் போரின்போது வெள்ளைக்காரன் போட்ட ஓடுதளம் அது. 1992-இல் கடற்படை அங்கே கொடியேற்றியது. நாலு கிலோமீட்டருக்கு மேல் நீளம். 2015 டிசம்பர் வெள்ளத்தில் மீனம்பாக்கம் மூழ்கியபோது பயணிகள் விமானங்கள் வந்து இறங்கியதும் இதே தளத்தில்தான்.

அப்போது அரக்கோணம் வேலூர் மாவட்டம். 2019-க்குப் பிறகு ராணிப்பேட்டை. நான் பிறந்தபோது எல்லாமே வட ஆற்காடு. இருந்த இடத்திலேயே உட்கார்ந்து மூன்று மாவட்டம் பார்த்த ஜனங்கள் எங்கள் பக்கத்து ஜனங்கள்.

போன மாதம் அப்படி ஒரு பயணம். எதிர் சீட்டில் ராணிப்பேட்டை தோல் கம்பெனி ஒன்றில் கணக்கு பார்ப்பவர். அவரும் ஹெலிகாப்டரைப் பார்த்தார்.

"அதுல ரெண்டு பைலட்டாமே சார். ஒருத்தரு ஓட்டறாரு. இன்னொருத்தரு சும்மா குந்திகினு வராரு. ரெண்டு பேருக்கும் கவர்மென்ட் சம்பளம்."

"சும்மா குந்தியிருக்கறவருக்குத்தான் பெரும்பாலும் சம்பளம் ஜாஸ்தி" என்றேன்.

"அப்ப நம்ம ஆபீஸ் மாதிரிதான்னு சொல்லுங்க!" என்று சிரித்துவிட்டுப் பேப்பரைப் பிரித்தார்.

அவர் இறங்கிப் போன பிறகும் அந்தப் பேச்சு என்னை விடவில்லை. அவருக்கு விளக்கமாகச் சொல்லியிருக்க வேண்டியதை இங்கே எழுதுகிறேன்.

எங்கள் ஊர் கம்மவான்பேட்டை. கணியம்பாடி பக்கம். வீட்டுக்கு ஒருவராவது பட்டாளத்தில் இருப்பதால் ராணுவப்பேட்டை என்று பட்டப்பெயரே உண்டு. நைனா தரைப்படையில் ஹவில்தாராக ஓய்வு பெற்றவர். நான் விமானப்படையில் சேரப் போகிறேன் என்று சொன்னபோது, "பறக்கறவன்லாம் ஆபீசரு. நீ இன்னாத்துக்குடா போற, துடைக்கவா?" என்று கேட்டார். முதல் சில வருடங்கள் உண்மையிலேயே துடைத்தேன். என்ஜின் ஃபிட்டர். அப்புறம் ஃபிளைட் எஞ்சினியர், அதாவது பறக்கும்போது என்ஜினையும் எரிபொருளையும் கவனிக்கிறவர், ஆவதற்கான தேர்வு எழுதி, பயிற்சி முடித்து, மார்பில் ஒற்றைச் சிறகுச் சின்னம் வாங்கினேன். எம்.ஐ.-17 ஹெலிகாப்டரில் இரண்டு விமானிகளுக்கும் நடுவே, கொஞ்சம் பின்தள்ளி, ஒரு மடக்கு சீட் இருக்கும். அதுதான் ஃபிளைட் எஞ்சினியருடைய இடம். பத்தொன்பது வருஷம் அங்கே உட்கார்ந்தேன். இடப்பக்கம் ஒரு தோள், வலப்பக்கம் ஒரு தோள், முன்னால் கடிகாரக் கூட்டம் மாதிரி மானிகள். ஒருவர் இன்னொருவரை எப்படிப் பார்க்கிறார், எப்போது பார்க்காமல் விடுகிறார் என்பதெல்லாம் எனக்குத் தெரியும் அளவுக்கு அந்த இரண்டு பேருக்குமே தெரியாது.

முதலில் ராஜாளியில் நிற்கும் அந்தச் சேத்தக்கிலிருந்தே தொடங்குகிறேன். விமானத்தைச் சமன்செய்து விட்டுவிட்டால் அது கொஞ்ச தூரம் தானாகப் போகும். பழைய ஹெலிகாப்டர்கள் அப்படிப் போகாது. வலது கையில் முன்னே பின்னே, பக்கவாட்டில் நகர்த்தும் சைக்ளிக் என்னும் குச்சி, இடது கையில் ஏற்றி இறக்கும் கலெக்டிவ் என்னும் நெம்புகோல், இரண்டு காலுக்கும் மூக்கைத் திருப்பும் பெடல். ஒன்றை அசைத்தால் மற்ற இரண்டையும் திருத்த வேண்டும். அந்தரத்தில் ஒரே இடத்தில் நிறுத்துவது இருக்கிறதே, அது தண்ணீர்க் குடத்தைத் தலையில் வைத்துக்கொண்டு தெப்பத்தில் நிற்கிற வித்தை. புதுப் பையனிடம் மூன்றையும் ஒன்றாகக் கொடுக்க மாட்டார்கள். முதலில் பெடல் மட்டும். மற்றதெல்லாம் ஆசிரியர் கையில். அடுத்து கலெக்டிவ். கடைசியில்தான் சைக்ளிக். மூன்றும் அவன் கைக்கு வந்த அன்று ஹெலிகாப்டர் ஒரு கால்பந்து மைதானம் முழுக்கப் பித்துப் பிடித்ததுபோல அலையும்.

அந்த நேரத்தில் பக்கத்து சீட்டு ஆசிரியரின் கையைப் பார்க்க வேண்டும். குச்சியைத் தொடாது, விட்டு விலகியும் இருக்காது. ஓர் அங்குலம் தள்ளி நிற்கும். சீக்கிரம் பிடித்துவிட்டால் பையன் கற்றுக்கொள்ள மாட்டான். தாமதமாகப் பிடித்தால் வால் சுழலி தரையில் இடிக்கும். விமானப்படை தன் ஆசிரியர்களைத் தாம்பரத்தில் உள்ள பள்ளியில் தயாரிக்கிறது. நன்றாக ஓட்டத் தெரிந்தவனை எடுத்து, ஓட்டாமல் இருக்கக் கற்றுத்தருகிற இடம் என்று நான் அதைச் சொல்வேன். நம்மூரில் பையனுக்கு ஸ்கூட்டர் கற்றுக்கொடுக்கிற அப்பாக்களை நினைத்துப் பாருங்கள். பாதிப் பேர் ஹேண்டில்பாரை விடவே மாட்டார்கள்.

2024 ஜூனில் அதே ராஜாளியில் 102-ஆவது பயிற்சி அணி தேறி வெளியே வந்தது. அதில் இருந்த அனாமிகா பி. ராஜீவ்தான் கடற்படையின் முதல் பெண் ஹெலிகாப்டர் விமானி. அந்தச் செய்தியைப் படித்துவிட்டு எங்கள் தெருவில் ஒரு பெண் குழந்தை, "அப்ப அந்த அக்கா நாளைக்கே தனியா ஓட்டுவாங்களா தாத்தா?" என்று கேட்டது. இல்லை என்றேன். சிறகு வாங்குவது கல்யாணப் பத்திரிகை அடிக்கிற மாதிரிதான். குடித்தனம் அப்புறம்தான் தொடங்கும்.

பள்ளி முடித்து யூனிட்டுக்கு வருகிற இளம் விமானிக்கு முதலில் கிடைப்பது துணை விமானி நாற்காலி. எந்தப் பக்கத்து நாற்காலி என்பதிலேயே ஒரு சுவாரசியம் உண்டு. சேத்தக் மாதிரியான மேற்கத்திய வழி ஹெலிகாப்டர்களில் ஓட்டுபவரின் இடம் வலப்பக்கம். வலது கை சைக்ளிக்கை விட முடியாது. இடது கையைக் கலெக்டிவிலிருந்து ஒரு நொடி எடுக்கலாம், அந்தக் கை நடுவிலுள்ள ரேடியோவையும் பொத்தான்களையும் எட்டும். எங்கள் ரஷ்ய எம்.ஐ.-17-இல் கேப்டன் இடப்பக்கம். ஒன்றில் பழகிவிட்டு மற்றதற்கு வருகிறவர்கள் முதல் வாரம் தவறான கதவைத் திறப்பதைப் பார்த்திருக்கிறேன்.

இங்கே கேப்டன் என்றால் பதவிப் பெயர் இல்லை. அந்த ஒரு பறத்தலுக்கு அந்த ஹெலிகாப்டரின் பொறுப்பாளர். தோளில் எத்தனை பட்டை இருக்கிறது என்பதற்கும் அதற்கும் சம்பந்தம் கிடையாது. பறக்கும் முன் ஒரு பதிவேட்டில் யார் கேப்டன், யார் துணை, என்ன வேலை என்று எழுதி, அனுமதி தருகிற அதிகாரி கையெழுத்துப் போடுவார். கேப்டனும் போடுவார். அந்த இரண்டு கையெழுத்து விழுந்த நிமிடத்திலிருந்து திரும்பி வந்து சுழலி நிற்கும்வரை அவர் சொல்வதுதான். ஃபிளைட் லெஃப்டினன்ட் கேப்டனாகவும் அவரைவிட இரண்டு படி மேலே உள்ள விங் கமாண்டர் துணையாகவும் உட்கார்ந்து போன நாட்கள் உண்டு. அமெரிக்கத் தரைப்படையில் இது இன்னும் வெளிப்படை. கம்பெனியை நடத்துகிற அதிகாரி இரண்டாம் விமானியாக உட்கார, பதவியில் கீழே உள்ள வாரன்ட் அதிகாரி பைலட் இன் கமாண்டாக இருப்பார். அங்கே புதிதாக வருகிறவரை மூன்றாம் நிலை என்று தொடங்கி இரண்டு, ஒன்று என்று ஏற்றுவார்கள். ஒன்றாம் நிலைக்கு வந்தாலும் கமாண்ட் தானாக வராது. அதற்குத் தனியாகச் சோதனை, தனியாக மேலதிகாரியின் கையெழுத்து.

நம் படையில் ஏணி வேறு விதம். டி, சி, பி, ஏ என்று வகைகள், ஏதான் உச்சி. ஏ எடுத்தவர்கள் யூனிட்டில் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவில்தான் இருப்பார்கள். இதற்கென்றே உள்ள தேர்வுக் குழு வந்து புத்தகத்தையும் கேட்கும், பறக்கவும் வைக்கும். இன்னொரு பக்கம் மானிகளை மட்டும் பார்த்து ஓட்டும் திறனுக்கு ஒயிட், கிரீன், மாஸ்டர் கிரீன் என்று அட்டைகள். எந்த அட்டை கையில் இருக்கிறதோ அதைப் பொறுத்துத்தான் எவ்வளவு மோசமான வானிலையில் கிளம்பலாம் என்பது. பகல் கேப்டன் வேறு, இரவு கேப்டன் வேறு. சமவெளியில் கேப்டனாக இருந்தவர் மலைக்குப் போனால் மறுபடி முதல் வகுப்பு. சியாச்சினில் ஒவ்வொரு இறங்குதளத்தையும் தெரிந்தவர் ஒருவர் கூட்டிப்போய்க் காட்டி, இறக்கிப் பார்த்து, 'சரி, இனி நீ வரலாம்' என்று சொன்ன பிறகுதான் தனியாகப் போக முடியும். அங்கே ஹெலிகாப்டரே ஜோடியாகத்தான் போகும். ஒன்றுக்கு ஏதாவது ஆனால் பார்த்துக்கொள்ள இன்னொன்று. கப்பல்காரர்களுக்கும் அப்படித்தான். ஆடுகிற தளத்தில் பகலில் இறங்கத் தெரியும் என்பதால் இரவில் இறங்க விட மாட்டார்கள்.

இந்த அட்டைகளெல்லாம் எதற்கு என்று கேட்டால் ஒரே ஒரு விஷயம் சொல்கிறேன். மேகத்துக்குள் நுழைந்து வெளியே ஒன்றும் தெரியாமல் போனால் காதுக்குள் இருக்கிற திரவம் பொய் சொல்ல ஆரம்பிக்கும். சரிந்துகொண்டே நேராக இருப்பதாகத் தோன்றும். நேராக இருக்கும்போது சரிவதாகத் தோன்றும். அரை நிமிடம்கூட வேண்டியதில்லை. 2021 டிசம்பர் 8 அன்று குன்னூர் அருகே எம்.ஐ.-17 விழுந்து முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத் உட்பட 14 பேரை இழந்தோமே, அதை விசாரித்த முப்படைக் குழு சொன்ன காரணமும் பள்ளத்தாக்கில் வானிலை திடீரென மாறியதும், மேகத்துக்குள் நுழைந்ததும், விமானிக்குத் திசையுணர்வு தவறியதும்தான். யந்திரக் கோளாறு இல்லை, நாசவேலை இல்லை. ஓட்டியவர் அந்த யூனிட்டின் கமாண்டிங் அதிகாரி. அந்த நால்வர் குழுவில் என் மாதிரி ஆட்களும் இருந்தார்கள். அதைப்பற்றி இதற்குமேல் எழுத எனக்குக் கை வரவில்லை.

சரி, ஜோடி சேர்க்கிற விஷயத்துக்கு வருகிறேன். எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான்.

ஒவ்வொரு யூனிட்டிலும் கமாண்டிங் அதிகாரிக்கு அடுத்த இடத்தில் ஃபிளைட் கமாண்டர் இருப்பார். சாயங்காலம் மறுநாள் புரோகிராமைப் போர்டில் எழுதுவது அவர் பொறுப்பு. நேரம், வேலை, ஹெலிகாப்டர் எண், கேப்டன், துணை, எஞ்சினியர், கன்னர் என்று வரிசையாக நிரல்கள். பார்க்கிறவனுக்கு அது ஒரு அட்டவணை. எழுதுகிறவருக்குப் பத்துப் பொருத்தம் பார்க்கிற வேலை. யாருக்கு எந்த வகை, எந்த அட்டை. கடைசியாக இரவில் பறந்தது எப்போது. லீவிலிருந்து நேற்றுத்தான் திரும்பியவரா, அப்படியானால் முதலில் ஒரு சோதனைச் சுற்று. வீட்டில் கைக்குழந்தை, மூன்று நாளாகத் தூக்கமில்லை என்பது எந்தப் பதிவேட்டிலும் இருக்காது. நல்ல ஃபிளைட் கமாண்டருக்கு அதுவும் தெரிந்திருக்கும். எங்களவர் ஒருவர் காலை டீயின்போது ஒவ்வொருவர் முகமாகப் பார்ப்பார். சில நாட்களில் டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டுப் போய்ப் போர்டில் ஒரு பெயரை அழித்து வேறு பெயர் எழுதுவார். ஏன் என்று யாரும் கேட்டதில்லை.

இரண்டு காயை ஒன்றாகப் போடக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். நேற்றுக் கேப்டனானவருக்கு இன்று வந்த துணையைக் கொடுக்க மாட்டார்கள். புதுக் கேப்டன் பக்கத்தில் பழுத்த துணை, பின்னால் பழுத்த எஞ்சினியர். மலையோ இரவோ என்றால் இன்னும் இறுக்கம்.

இரண்டு பழத்தை ஒன்றாகப் போடுவதிலும் ஆபத்து இருக்கிறது என்பதுதான் பலருக்குத் தெரியாதது. இரண்டு ஏ வகை ஆட்கள், இரண்டு பேரும் ஆசிரியர்கள், ஒரே காக்பிட்டில். பார்க்க எவ்வளவு பாதுகாப்பாகத் தெரிகிறது! நடு சீட்டில் உட்கார்ந்த எனக்கு அந்த நாட்களில்தான் வயிற்றைப் பிசையும். இரண்டு மாமியார்கள் ஒரே அடுப்படியில் வைத்த குழம்பு அது. சண்டை வராது, மரியாதையாக இருப்பார்கள். இவர் உப்புப் போட்டிருப்பார் என்று அவரும், அவர் போட்டிருப்பார் என்று இவரும் இருந்துவிடுவார்கள். சரிபார்ப்புப் பட்டியலை உரக்கப் படிப்பதற்கே கூச்சம் வரும். 'இவருக்குத் தெரியாததா' என்று ஒரு வரி விழுங்கப்படும். அப்படிப் போன நாள் ஒன்றில் எரிபொருள் பம்ப் ஸ்விட்ச் ஒன்று போடப்படாமல் இருந்ததை நான் சொல்லித்தான் போட்டார்கள். பெரிதாக ஒன்றும் ஆகியிருக்காது. ஆனால் ஒரு சின்னப் பையன் துணையாக இருந்த நாட்களில் அந்த ஸ்விட்ச் ஒருநாளும் தவறியதில்லை, ஏனென்றால் அவன் பயத்திலேயே ஒவ்வொரு வரியையும் படிப்பான்.

நிரந்தர ஜோடி நல்லதா, மாற்றி மாற்றிப் போடுவது நல்லதா என்பது இன்னொரு பழைய சண்டை. அமெரிக்கர்கள் சண்டைக்குப் போகும்போது இன்னாரோடு இன்னார் என்று பெயர் கட்டி அனுப்பும் வழக்கம் வைத்திருக்கிறார்கள். அதில் லாபம் உண்டு. பழகிய ஜோடிக்கு அரை வார்த்தை போதும். தலையைத் திருப்பினாலே அர்த்தம் புரியும். நஷ்டமும் அதே இடத்தில்தான் இருக்கிறது. அரை வார்த்தை போதும் என்றானபின் முழு வார்த்தை வராது. மற்றவர் என்ன செய்வார் என்று தெரியும் என்கிற நம்பிக்கை, அவர் செய்துவிட்டாரா என்று பார்க்கிற பழக்கத்தைத் தின்றுவிடும். எங்கள் பக்கம் கலந்து போடுவதுதான் வழக்கம். என்னைக் கேட்டால் அதுவே சரி. கலந்து போடும்போதுதான் எல்லோரும் ஒரே மொழியில், புத்தகத்தில் உள்ள அதே வார்த்தைகளில் பேசுவார்கள். ஓட்டும் கை மாறும்போது 'யூ ஹேவ் கன்ட்ரோல்ஸ்' என்று ஒருவர், 'ஐ ஹேவ் கன்ட்ரோல்ஸ்' என்று மற்றவர், மறுபடி 'யூ ஹேவ் கன்ட்ரோல்ஸ்' என்று முதலாமவர். வேடிக்கையாகத்தான் இருக்கும். இரண்டு பேருமே ஓட்டுகிறோம் என்று நினைப்பதையும், அதைவிட மோசமாக, இருவருமே மற்றவர் ஓட்டுகிறார் என்று நினைப்பதையும் தடுக்க அந்த மூன்று வரியை விட்டால் வழியில்லை.

ஜோடியில் அந்தஸ்து இடைவெளி என்று ஒன்று இருக்கிறது. ஹெலிகாப்டர் இல்லைதான், ஆனாலும் 1977 மார்ச் 27-இல் ஸ்பெயினின் டெனரிஃப் தீவில் நடந்ததைச் சொல்லாமல் இருக்க முடியாது. மூடுபனியில் இரண்டு ஜம்போ விமானங்கள் ஓடுதளத்திலேயே மோதி 583 பேர் இறந்தார்கள். அனுமதி வராமலேயே ஓடத் தொடங்கிய விமானத்தின் கேப்டன் அந்த நிறுவனத்தின் தலைமைப் பயிற்சியாளர். பக்கத்தில் இருந்த துணை விமானிக்கு இரண்டு மாதம் முன்பு அந்த வகை விமானத்துக்குத் தகுதிச் சோதனை நடத்தியவரும் அவரே. அப்படியொரு ஜோடியில் அந்தத் துணை எவ்வளவு தூரம் வாய் திறப்பார்? 'எதிரே அந்த விமானம் இன்னும் விலகவில்லையோ' என்ற சந்தேகத்தைக் கேட்டது ஃபிளைட் எஞ்சினியர். என் சாதி. கேப்டன் அழுத்தமாகப் பதில் சொன்னதும் அவர் மறுபடி கேட்கவில்லை. முதல் தடவை அதைப் படித்த ராத்திரி நான் தூங்கவில்லை.

கொஞ்சம் தூரமான ஒப்பீடுதான். ஆனாலும் வேலூர்க்காரனுக்கு இங்கே நம் கோட்டை ஞாபகம் வராமல் போகாது. 1806 ஜூலை 10 சிப்பாய்ப் புரட்சிக்குச் சில வாரங்கள் முன்பே முஸ்தபா பேக் என்கிற சிப்பாய், இப்படியொன்று நடக்கப்போகிறது என்று ஆங்கிலேய அதிகாரியிடம் போய்ச் சொல்லியிருக்கிறார். நம்பவில்லை. பைத்தியம் என்று பிடித்து அடைத்து வைத்தார்கள். புதுத் தலைப்பாகை வேண்டாம் என்று சொன்னவர்களுக்கு அதற்கு முன்பே கசையடி. புரட்சியின் நியாயம் தனிக் கதை, நான் சிப்பாய்களின் பக்கம்தான். ஆனால் ஒரு கட்டளை அமைப்பு எப்படிக் காது கேளாமல் போகிறது என்பதற்கு, கோட்டை அகழியைச் சுற்றி நடைப்பயிற்சி போகும்போதெல்லாம் எனக்கு அந்த ஆள்தான் நினைவுக்கு வருகிறார்.

இதற்கு மருந்தாகத்தான் விமானப் படைகள் இப்போது காக்பிட்டில் பேசுவதையே ஒரு பாடமாக வைத்திருக்கின்றன. அமெரிக்கத் தரைப்படையில் ஒரு விதி உண்டு. ஓட்டுபவரிடம் ஒரு தவறைச் சுட்டி இரண்டு தடவை கேட்டும் பதில் வரவில்லை என்றால் மற்றவர் கட்டுப்பாட்டை எடுத்துக்கொள்ளலாம். சின்னவர் பெரியவரிடமிருந்தும் எடுக்கலாம். விதி எழுதுவது சுலபம். வாய் வர வேண்டுமே.

எனக்கே ஒரு தடவை வரவில்லை. தாழ்வாக ஒரு பள்ளத்தாக்கில் போய்க்கொண்டிருந்தோம். தாழப் பறக்கிறவனுக்கு எமன் கம்பிதான். கம்பி கண்ணுக்குத் தெரியாது. கம்பத்தைப் பார்த்து, இன்னொரு கம்பம் எங்கே என்று தேடி, நடுவில் கம்பி இருப்பதாக எடுத்துக்கொள்ள வேண்டும். வலது சரிவில் மரங்களுக்கு நடுவே ஒரு கம்பத்தின் தலை எனக்குத் தெரிந்தது. அதே நேரத்தில் துணை விமானி, என்னைவிடப் பல படி மேலே உள்ள அதிகாரி, 'ரைட் கிளியர்' என்று சொல்லிவிட்டார். அவர் பார்த்துத்தான் சொல்லியிருப்பார் என்று ஒரு நினைப்பு. நான் ஏர்மன், அவர் ஆபீசர் என்று அதற்கு அடியில் இன்னொரு நினைப்பு, நைனாவின் குரலில். அதற்குள் ஒரு மூச்சு நேரம் போய்விட்டது. அப்புறம் "ஒயர், புல் அப்!" என்று கத்தினேன். கேப்டன் கேள்வி கேட்காமல் இழுத்தார். கம்பி எங்களுக்குக் கீழே போனது. இறங்கிய பிறகு கேப்டன் திட்டவில்லை. "எப்போ பாத்தீங்க?" என்று மட்டும் கேட்டார். சொன்னேன். "எப்போ சொன்னீங்க?" என்றார். அதையும் சொன்னேன். இரண்டையும் பிரீஃபிங் அறைப் போர்டில் எழுதி நடுவே ஒரு கோடு இழுத்தார். ஒரு வாரம் அதை யாரும் அழிக்கவில்லை.

இனி கேப்டன் ஆகிற கதை. மணிக்கணக்கு ஒரு வாசல்தான். இவ்வளவு மணி நேரம் பறந்திருந்தால் பெயரை எடுத்துப் பேச ஆரம்பிப்பார்கள், அவ்வளவே. கை சுத்தம் என்பதும் அதற்குள் எல்லோருக்கும் வந்திருக்கும். எங்கள் யூனிட்டில் கையில் வித்தை வைத்திருந்த ஒருவர் வெகுகாலம் துணையாகவே இருந்தார். தீப்பெட்டி மேலே இறக்கு என்றால் இறக்குவார். ஆனால் முடியாது என்று சொல்ல வராது. கீழே நிற்கிற தரைப்படை அதிகாரி இன்னும் இரண்டு மூட்டை ஏற்றட்டுமா என்று கேட்டால் சரி என்பார். எம்.ஐ.-17-க்கு மொத்த எடை 13 டன் வரை போகலாம் என்பது காகிதத்தில். உயரமும் வெயிலும் கூடினால் காற்று மெலிந்து அந்தக் கணக்குச் சுருங்கிக்கொண்டே வரும். அந்தக் கணக்கை மூட்டை ஏற்றுகிறவரிடம் சிரித்துக்கொண்டே சொல்லத் தெரிய வேண்டும்.

நான் பார்த்ததில் மறக்காத கேப்டன் சோதனை ஒன்று. வடகிழக்கு எல்லை, மழைக்காலம் முடிகிற சமயம். மலைக்கு அந்தப் பக்கம் ஒரு சின்ன ஓடுதளத்துக்கு அரிசியும் மண்ணெண்ணெயும் கொண்டுபோக வேண்டும். இடது சீட்டில் இளையவர். இன்று கேப்டன் வேலையை அவர் செய்ய வேண்டும். வலது சீட்டில் எங்கள் ஃபிளைட் கமாண்டர், டீ டம்ளர்க்காரர். கிளம்பும் முன்பே சொல்லிவிட்டார்: "நான் இன்னிக்கு உன்னோட துணை. கேட்டா செய்வேன். கேக்கலைன்னா சும்மா இருப்பேன்."

சும்மாதான் இருந்தார். பள்ளத்தாக்கின் வாய் வரை வானம் சுத்தம். உள்ளே நுழைந்து இரண்டு வளைவு தாண்டியதும் எதிரே கணவாயின் மேல் வெள்ளையாக ஒரு மூடி. நடுவே ஒரு வெளிச்சமான இடைவெளி தெரிந்தது. அந்த வழியாக அந்தப் பக்கம் இருக்கிற வயல்கூடத் தெரிந்தது. ஐந்து நிமிடம் போனால் தாண்டிவிடலாம். இளையவர் என் பக்கம் திரும்பி எரிபொருள் கேட்டார். சொன்னேன். துணையிடம், பின்னால் பள்ளத்தாக்கு திறந்திருக்கிறதா என்று பார்க்கச் சொன்னார். அவர் பார்த்து, "ஓப்பன்" என்றார். ஒரே சொல். நான் அவர் கையைப் பார்த்தேன். தொடைமேல் இருந்தது. விரல்கள் லேசாகத் தாளம் போட்டுக்கொண்டிருந்தன. முகத்தில் ஒன்றும் இல்லை.

இளையவர் அகலமான இடமாகப் பார்த்துத் திருப்பினார். "கோயிங் பேக்" என்று ரேடியோவில் சொல்லும்போது குரல் கொஞ்சம் உடைந்தது. சோதனை நாளில் வேலை முடிக்காமல் திரும்புகிறோமே என்கிற கவலை அதில் இருந்தது. திரும்பும் வழியெல்லாம் காக்பிட்டில் மானிகளின் அளவுகளைத் தவிர வேறு பேச்சில்லை. இறங்கி, சுழலி நின்று, பதிவேட்டில் 'வானிலை, பணி முடியவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு இளையவர் யாரையும் பார்க்காமல் நடந்தார்.

ஃபிளைட் கமாண்டரும் நானும் ஹெலிகாப்டரின் நிழலில் நின்றோம். எனக்கு ஆவல் தாங்கவில்லை. "சார், நீங்களா இருந்தா எந்த இடத்துல திருப்பியிருப்பீங்க?" என்று கேட்டேன்.

உடனே பதில் சொல்லவில்லை. கையுறையைக் கழற்றினார்.

"நான் போயிருப்பேன்" என்றார். "அந்த ஓட்டை வழியா. போன மாசம் அதே மாதிரி ஒண்ணுல போனேன், தாண்டிட்டேன். அதனால இன்னிக்கும் போயிருப்பேன். அவன் திருப்பினப்புறம் திரும்பிப் பாத்தேன். ஓட்டையக் காணோம்."

மறுநாள் போர்டில் அந்த இளையவரின் பெயர் துணை நிரலிலிருந்து கேப்டன் நிரலுக்கு மாறியிருந்தது. துணை நிரலில் ஃபிளைட் கமாண்டர் தன் பெயரையே எழுதியிருந்தார். எஞ்சினியர் நிரலில் நான்.